ஜெபத்தில் சொன்ன குறை

1. திரும்பி வந்த சாவி

ஞாயிறு ஆராதனை முடிந்து அங்கியைக் கழற்றிக்கொண்டே எங்கள் குருவானவர் ஒரு சாவியை என் கையில் வைத்தார்.

"ஆலங்குடிக்கு அங்கிட்டு இருக்கிற நம்ம கோயில் சாவி. ஞானமுத்து குடுத்து விட்டுட்டான். இனிமே வாலிபர் சங்கத்தை நடத்த மாட்டானாம். என்னய்யா செஞ்சீங்க அவனை?"

"நான் ஒண்ணும் செய்யலையேங்க" என்றேன். மனதார அப்படித்தான் நம்பினேன்.

"கிறிஸ்மஸுக்குள்ள அவன் திரும்பலைன்னா சங்கத்தைக் கலைச்சிர வேண்டியதுதான். அவனை விட்டா அங்க வேற ஆளு இல்லை."

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் குருவானவரின் பொறுப்பில் பதினொரு ஊர்ச் சபைகள் இருந்தன. ஊருக்கு ஒரு வாலிபர் சங்கம், சங்கத்துக்கு ஒரு தலைவர். தலைவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வாரம் முழுக்க வயலிலோ மில்லிலோ பாடுபட்டுவிட்டு ஞாயிறு மாலை கூட்டம் நடத்துவார்கள். புதுக்கோட்டையிலிருந்து சைக்கிளில் போய் அவர்களை உற்சாகப்படுத்துவது மேற்பார்வையாளரான என் வேலை. நியமன உத்தரவில் அப்படித்தான் எழுதியிருந்தது. நானோ பிழை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரன்.

2. மீன் விழுங்கிய கதை

ஞானமுத்துவுக்கு இருபத்துமூன்று வயது. கடலை மில்லில் மூட்டை தூக்கினான். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஏழு பேர் வந்துகொண்டிருந்த கூட்டத்துக்கு அவன் பொறுப்பேற்ற பிறகு முப்பது பேர் வந்தார்கள்.

சாவி வருவதற்கு முந்தைய ஞாயிறு நான் அங்கே போயிருந்தேன். அன்று யோனாவின் கதையைச் சொன்னான். மில் கிடங்கில் மூட்டைச் சரிவுக்குள் ஒருநாள் தான் மாட்டிக்கொண்டதைச் சொல்லி, மீன் வயிற்றுக்குள்ளும் இப்படித்தான் மூச்சு முட்டியிருக்கும் என்றான். எல்லோரும் ஆடாமல் அசையாமல் கேட்டார்கள். ஒரே ஒரு தவறு. ஆண்டவர் போகச் சொன்ன நினிவேக்குப் போகும் வழியில் மீன் விழுங்கியதாகச் சொல்லிவிட்டான். ஆண்டவருக்குத் தப்பி தர்ஷீசுக்கு ஓடும்போதல்லவா விழுங்கியது!

தலைவர் பேசும்போது குறுக்கிடக் கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. ஆனால் முடிவு ஜெபம் மேற்பார்வையாளருக்கு உரியது. எல்லோரும் கண்ணை மூடியதும் ஆரம்பித்தேன்.

"ஆண்டவரே, யோனா புறப்பட்டது தர்ஷீசுக்கு என்பதை இந்தத் தம்பிக்கு உணர்த்தும். வேதத்தைச் சரியாக வாசிக்காமல் பேச எழும்பும் துணிச்சலை அவனைவிட்டு அகற்றும்."

முப்பது பேரும் "ஆமென்" என்றார்கள். யாரோ களுக்கென்று சிரித்ததும் என் காதில் விழுந்தது. நல்ல காரியம் செய்த திருப்தியோடு சைக்கிளில் ஏறினேன்.

3. மில் வாசலில்

சாவி கைக்கு வந்த மறுநாளே மில்லுக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். தூக்குவாளியை மூடி வைத்துவிட்டு ஞானமுத்து எழுந்து நின்றான். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

"ஏம்ப்பா சாவியைக் குடுத்து விட்டே?"

"ஐயா, நீங்க என்னைய நேரா வைதிருந்தா நானும் ஒரு பதில் சொல்லியிருப்பேங்க. நீங்க ஆண்டவர்கிட்டல்ல சொல்லிப்புட்டீங்க! ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எங்கிட்டு நுழையிறது? போதாததுக்கு எல்லாரும் ஆமென் வேற சொல்லிட்டாங்க."

என் முகம் சுண்டிப்போனது. பதினொரு ஊரிலும் நான் இதையேதான் செய்துவந்தேன். போன வருடம் அரிமளம் பக்கத்துத் தலைவர் ஒருவர் விலகியபோது, அக்கறை இல்லாதவர் என்று ரிப்போர்ட் எழுதினேன். அவருக்கும் இப்படி ஒரு ஜெபம் செய்திருந்தது அப்போதுதான் உறைத்தது.

"தப்பு என்னோடதுதாம்ப்பா. மன்னிச்சுக்க."

"இங்கன சொன்னா எப்பிடிங்க? கேட்ட முப்பது பேரும் அங்கனல்ல இருக்காங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "கண்ணைத் தொறந்துக்கிட்டுச் சொல்லுங்க" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால் மற்ற பத்து ஊரிலும் யார் மதிப்பார்கள்? வழி நெடுக மனசுக்குள் அவனோடு மல்லுக்கட்டினேன். புதுக்கோட்டை வந்து சேர்ந்தபோது அவன் பக்கம்தான் நியாயம் இருந்தது.

4. ஆமென்

அடுத்த ஞாயிறு அங்கே போய் முப்பது பேருக்கு முன்னால் நின்றேன். சொல்லி அனுப்பியதால் ஞானமுத்துவும் வந்து வாசலோரப் பாயில் உட்கார்ந்திருந்தான்.

"போன தடவை ஜெபத்துல ஞானமுத்துவைக் குறை சொன்னேன். அது ஜெபமே இல்லை, ஏச்சு. கதையில ஒரு ஊர்ப் பேரு மாறிப்போச்சு, அவ்வளவுதான். அந்தக் கதையை அவனை மாதிரி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மன்னிச்சுக்கப்பா."

சாவியை நீட்டினேன். வாங்கிக்கொண்டான். "இன்னைக்கு முடிவு ஜெபம் நீதான்" என்றேன்.

கண்ணை மூடிய பிறகுதான் யோசித்தேன். என்னைப் பழிவாங்க நானே காட்டிக்கொடுத்த வழி. இப்போது குறுக்கே பேச முடியாதவன் நான்.

"ஆண்டவரே, எங்க ஐயா வெயில்ல பதினாலு மைலு மிதிச்சு வந்திருக்காங்க. பெரியவங்க, எங்க முன்னாடி எறங்கி வந்து பேசினாங்க. அவங்களைப் பத்திரமா வீடு கொண்டுபோய்ச் சேரும். போற வழி நினிவேயோ தர்ஷீசோ, எதுவா இருந்தாலும் மீனு எதுவும் முழுங்காமப் பாத்துக்கிரும்."

சிரிப்பும் ஆமெனும் சேர்ந்தே வந்தன. எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னவன் நான்தான்.

அதன்பின் முறையை மாற்றிக்கொண்டேன். கூட்டம் முடிந்ததும் தலைவரும் நானும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டு முனைவரை நடப்போம். திருத்தம் எதுவானாலும் அங்கேதான். ஜெபத்தில் அவர் பெயரைச் சொன்னால் நன்றிக்காக மட்டும். பிறகு நான் அந்த வேலையில் இருந்தவரை எந்த ஊரிலிருந்தும் சாவி திரும்பி வரவில்லை. இந்த ஊழியத்துக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: ஒருவர் பதில் சொல்ல முடியாத இடத்தில் நின்று அவரைத் திருத்தாதீர்கள்.

ஞானமுத்து பின்னாளில் சுற்றுவட்டாரத்தில் நாலு ஊருக்குத் தலைவர்களைத் தயார் செய்தான். "ஐயா முன்னாடி பயப்படாமப் பேசுங்க. தப்பு வந்தா ரோட்டு முனையிலதான் சொல்லுவாங்க" என்று அவர்களிடம் சொல்லித்தான் மேடையேற்றுவானாம். என் வேலைக்கு நான் வாங்கிய நற்சான்றுகளில் அதற்கு மேல் ஒன்று இல்லை.