எமன்வீட்டு ஆயா

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில், எங்கள் கூலிவீட்டு லைன்காரர்கள் பாக்கியவதிக்கு வைத்த பெயர் எமன்வீட்டு ஆயா. அவள் தெருவில் வந்தால், நோயாளி இருக்கிற வீட்டில் கதவைச் சாத்துவார்கள். பெயர் வைக்க எங்கள் ஆட்களுக்குச் சொல்லியா தரவேண்டும்?

சுரங்கத்து ஆஸ்பத்திரியில் அவளுக்கு நோயாளிகளைத் துடைத்துவிடுகிற வேலை. மிஷன் பள்ளியில் கற்ற இங்கிலீஷ் கொஞ்சம் இருந்ததால், வெள்ளைக்கார நர்ஸம்மா சொல்வதைத் தமிழில் சொல்வதும் அவள்தான். அந்த அம்மாவின் ஊரில், பிழைக்கமாட்டான் என்றால் அவனிடமே சொல்லிவிடுவார்களாம். நம் ஊரில் நோயாளியின் தலைமாட்டில் சாவு என்ற சொல்லே வரக்கூடாது.

1902இல் ஒரு செவ்வாய்க்கிழமை, சுரங்கத்தில் கல் சரிந்து இடுப்பு நசுங்கிய தங்கவேலுவைக் கொண்டுவந்தார்கள். நர்ஸம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு நாள் தாங்காது, யாரையாவது பார்க்கவேண்டுமா என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"வெள்ளிக்கெழமை வூட்டுக்குப் போயிடலாம்னு சொல்றாங்க" என்றாள் பாக்கியவதி.

தங்கவேலுவின் முகம் தெளிந்தது. "அப்போ நேரா கோரமண்டலுக்குப் போறேன். எங்க அண்ணன் கோவிந்தனோட பேசி மூணு வருசமாவுது. கால்ல வுழுந்துடறேன்."

பக்கத்துச் சுரங்கமான கோரமண்டல் நடக்கிற தூரம்தான். ஆள் அனுப்பினால் இவனுக்கு விஷயம் தெரிந்துவிடுமே என்று பயந்து, யாரும் வேண்டாமாம் என்று நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டாள் பாக்கியவதி. வியாழக்கிழமை தங்கவேலு செத்துப்போனான்.

பிணத்தை வாங்கக் கோவிந்தன் வந்தான். "என்னியக் கேட்டானா?"

"வெள்ளிக்கெழமை உன்னியப் பாக்க வரேன்னான்."

"சாவப்போறோம்னு அவனுக்குத் தெரியாதா?"

அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் அடித்திருந்தால்கூட அவள் மனசு ஆறியிருக்கும். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஓடியாந்திருப்பேனே, ஆயா" என்று மட்டும் சொன்னான்.

அதற்குப் பிறகு நர்ஸம்மா சொன்னதைச் சொன்னபடியே சொன்னாள். கேட்டவர்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். அந்தப் பெயர் அப்படித்தான் வந்தது. ஆனால் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

நாலு வருஷம் கழித்து அதே வார்டில் அவளே காய்ச்சலில் கிடந்தாள். வாசலில் நர்ஸம்மாவிடம் பேசிவிட்டுப் புது ஆயா ஞானசுந்தரி சிரித்தபடி வந்தாள்.

"ரெண்டு நாள்ல எழுந்து நடப்பீங்களாம், அக்கா."

பாக்கியவதிக்குத் தெரியாத பொய்யா? "பங்காருபேட்டைக்கு ஆள் அனுப்பும்மா. எம் மவ ஜூடித்தை நான் பாக்கணும்" என்றாள்.

ஜூடித் வந்தபோது அவளுக்கு மூச்சு இருந்தது, பேச்சும் இருந்தது.

அவள் சவப்பெட்டியைத் தூக்க எங்கள் லைனில் மூன்று பேர்தான் கிடைத்தார்கள். நாலாவது ஆளாகத் தோள் கொடுத்தவன், கோரமண்டலிலிருந்து நடந்து வந்த கோவிந்தன்.