மஞ்சள் தண்ணீர் பட்ட இருபத்திரண்டு கிண்ணங்கள்

கடிதத்தை நிர்வாகமே தட்டச்சுச் செய்து வைத்திருந்தது. என் கையெழுத்து மட்டும்தான் மிச்சம். ‘கிண்ணங்களில் ஊற்றிய ஏகாரை உரிய நேரம் அவிக்காதது எனது கவனக்குறைவு’ என்று அதில் இருந்தது. மூன்று தரம் வாசித்தேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மானிப்பாயிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரத்தில் ஒரு தனியார் கல்வி நிலையம். அங்கே ஏழு வருடமாக ஆய்வுகூட உதவியாளர். உடற்றொழிலியல், உயிர் இரசாயனவியல், நுண்ணுயிரியல், மருந்தியல் எல்லாவற்றிலும் அடிப்படை படிப்பிக்கிறார்கள். பின்வாசலில் போத்தல் கழுவிக்கொண்டு வருடா வருடம் அதே பாடத்தைக் கேட்டதில் சில விடைகள் பிள்ளைகளுக்கு முந்தி எனக்கு வந்துவிடும். வெளியில் சொல்வதில்லை.

அடுப்பை நிற்பாட்டினேனா என்று பார்க்கப் பாதி வழியில் சைக்கிளைத் திருப்புகிற ஆள் நான். ஏகார் காய்ச்சும்போதும் அப்படித்தான். ஏகார் என்பது கடற்பாசியில் எடுக்கிற ஒரு மா. சத்துக் கரைசலோடு சேர்த்து, ஆவி அழுத்தத்தில் கிருமி சாக அவித்து, தட்டையான கிண்ணங்களில் ஊற்றினால் ஜெலி மாதிரி உறையும். அதன்மேல்தான் பற்றீரியா வளர்ப்பார்கள். பதினைந்து நிமிடம் அவி என்றால் நான் இருபது நிமிடம் நிற்பேன். எப்போதும் இரண்டு கிண்ணம் கூட ஊற்றி, மூடியபடி தாளில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் வைப்பேன். நுண்ணுயிரியல் படிப்பிக்கிற மிஸ் ஒருநாள் அதைக் கண்டு சிரித்தார்.

“அக்கா, உதுக்குப் புத்தகத்திலை பேர் இருக்கு. பிழை வந்தா ஒப்பிட்டுப் பாக்கிற கட்டுப்பாட்டுக் கிண்ணம்.”

“பேர் தெரியாது மிஸ். நான் பயத்திலை வைக்கிறனான்.”

விஜயதசமி அன்று காலை இருபத்திரண்டு கிண்ணங்களும் மேசையில் இருந்தன. அடுத்த நாள் பிள்ளைகளுக்குச் செய்முறைப் பரீட்சை. மிஸ் அன்று லீவு. பூசை முடிந்து நிர்வாகி சேர் செம்பும் மாவிலையுமாக ஆய்வுகூடத்துக்குள் வந்தார். தராசுக்குச் சந்தனம், நுணுக்குக்காட்டிக்குக் குங்குமப் பொட்டு, எல்லாவற்றுக்கும் கிணற்றில் அள்ளிக் கரைத்த மஞ்சள் தண்ணீர். பிறகு கிண்ணங்களின் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார்.

“சேர், அதைத் திறக்கக்கூடாது” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“மூடியிலை தெளிச்சு என்ன பிரயோசனம்? பிள்ளையளின்ரை சோதினைச் சாமான், உள்ளுக்கும் படட்டும். மஞ்சள் எல்லே, கிருமியைக் கொல்லும்.”

கையில் பூசைக் கடலையோடு பார்த்துக்கொண்டு நின்றேன், பிறகு கிண்ணங்களை மூடிக் குளிரில் வைத்தேன். மறுநாள் மிஸ் வந்த பிறகும் நான் அதைச் சொல்லவில்லை. சேரைப் பற்றிக் கோள் சொன்னதாகிவிடுமே என்று பயம்.

அடுத்த நாள் பிள்ளைகள் கிண்ணத்தில் பற்றீரியாவைப் பூசி, மருந்து ஊறிய சின்ன வட்டுகளை வைத்தார்கள். மருந்து வேலை செய்தால் வட்டைச் சுற்றி ஒன்றும் முளைக்காத வெளி தெரியவேண்டும். அதற்கு மறுநாள் திறந்தபோது ஒன்றிலும் வெளி இல்லை. வேறு ஏதோ சுருக்கம் சுருக்கமாகப் படர்ந்து வட்டையே மூடியிருந்தது. அன்று மத்தியானம்தான் அந்தக் கடிதம்.

“வையும் கையெழுத்தை. உம்மடை வேலையிலை கை வைக்கமாட்டம். தாய் தேப்பன்மாருக்கு ஒரு பதில் சொல்லோணும்” என்றார் சேர்.

“நான் வடிவா அவிச்சனான் சேர். இது மஞ்சள் தண்ணி.”

“ஒன்பதாம் வகுப்புப் படிச்சுப்போட்டு எனக்கு நுண்ணுயிரியல் படிப்பிக்கிறீரோ?”

“எனக்குப் படிப்பிக்கத் தெரியாது சேர். அவிக்கத் தெரியும்.”

பக்கத்தில் நின்ற மிஸ் நிலத்தைப் பார்த்தார். சேரின் முகம் சிவந்தது. “அப்ப தீர்த்தத்திலை குற்றம் சொல்லுறீர்.”

“தீர்த்தத்திலை இல்லை, கிணத்துத் தண்ணியிலை. நானும் ஒன்பது நாள் விரதம் பிடிச்சனான்.”

என்னிடம் காட்ட ஒரு சான்றிதழும் இல்லை. இவள் அவித்தால் சுத்தம் என்ற பேர் ஒன்றுதான் இருக்கிறது. அதை என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு எந்த ஆய்வுகூட வாசலில் போய் நிற்பது? குளிர்சாதனப் பெட்டியிலிருந்து, அதே காய்ச்சலில் கூட ஊற்றி வைத்த இரண்டு கிண்ணங்களையும் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். இரண்டும் தெளிவாக இருந்தன.

“குளிருக்கை கிடந்தா முளைக்காதுதானே” என்றார் சேர். அவர் சொன்னது சரி.

“அப்ப ஒரு நாள் சூட்டுப் பெட்டிக்குள்ளை வைப்பம்” என்றார் மிஸ், மெதுவாக.

“ஒண்டு அப்பிடியே இருக்கட்டும்” என்றேன். “மற்றதிலை சேர் தெளிக்கட்டும், அண்டைக்கு மாதிரி. வெறும் கிண்ணத்திலை ஒரு புள்ளி முளைச்சாலும் நான் கையெழுத்து வைக்கிறன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. புதிதாகக் கிணற்றில் அள்ளி, மஞ்சள் கரைத்து, மாவிலை ஒடித்துக் கொடுத்தேன். யன்னல் முழுக்கப் பிள்ளைகள். சேர் தெளிக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் “அரோகரா” என்றது. மிஸ் திரும்பினார், எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள்.

அன்று வீட்டில் கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். அழுத்தமானி பழுதாக இருந்திருந்தால்? ஊற்றும்போது தும்மினேனா? மறுநாள் காலை ஆய்வுகூடத்தை நான்தான் திறந்தேன். மிஸ்ஸும் சேரும் வரும்வரை சூட்டுப் பெட்டியைத் திறக்காமல் நின்றேன்.

வெறும் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்தால் அதன் ஊடாக என் உள்ளங்கை ரேகை தெரிந்தது. மற்றதில் தண்ணீர்த்துளி விழுந்த இடமெல்லாம் வெள்ளைத் திட்டுகள். ஒன்று சிந்திய கஞ்சி மாதிரிப் பரவியிருந்தது.

“மஞ்சள் கிருமியைக் கொல்லும் எண்டுதானே...” என்று சேர் இழுத்தார்.

“சிலதைக் கொல்லும் சேர். எல்லாத்தையும் இல்லை” என்றார் மிஸ். 

மத்தியானம் புதுக் கடிதம் வந்தது. ‘காரணம் அறியப்படவில்லை.’

“இப்ப உம்மடை பிழை எண்டு இல்லைத்தானே. வையுமன்.”

“காரணம் தெரியும் சேர்.”

அவர் இருக்கச் சொல்லாமலே கதிரையை இழுத்து இருந்தேன். கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினேன்: ‘நான் அவித்தது சரி. மூடியைத் திறந்து மஞ்சள் தண்ணீர் தெளித்ததால் கிண்ணங்கள் பழுதாயின. தெளிக்கும்போது நான் பலமாகத் தடுக்கவில்லை, அது என் பிழை.’ கீழே கையெழுத்து வைத்தேன்.

சேர் வாசித்தார். “கடைசி வரியை வெட்டும். உமக்குத்தான் கெடுதி.”

“அதுவும் நடந்ததுதானே சேர். கிடக்கட்டும்.”

அவர் தாளை மேசையில் வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். அவர் அதைக் கோப்பில் கோர்த்து, கோப்பை அலுமாரியில் வைக்கும்வரை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.