வகிட்டில் ஒரு பிளாஸ்டர்

கலியாணம் முடிந்து முதல் நாள் வேலைக்குப் போனேன், கையில் கேக் பெட்டியோடு. டென்மார்க்கின் ஓல்போர்க் நகரில் உள்ள எங்கள் அலுவலகத்தில் யாருக்கு நல்லது நடந்தாலும் அவரேதான் கேக் கொண்டுபோக வேண்டும். பெட்டியை வைப்பதற்குள் பக்கத்து மேசை லீனே பதறிப்போனாள். "ஐயோ, தலையில் இரத்தம்! அடிபட்டுவிட்டதா?" அம்மா வகிட்டில் வைத்துவிட்ட குங்குமம் மழையில் கரைந்து நெற்றிவரை இறங்கியிருந்தது.

ஈரக் குங்குமத்தின் மணம் என்னை நான் வளர்ந்த கோல்டிங் நகருக்குக் கொண்டுபோய்விட்டது. அங்கே எங்களுக்கு மேல்மாடியில் ஞானம் மாமி இருந்தா. பள்ளிக்கூடம் விட்டால், அம்மா ஃபாக்டரியால் வரும்வரை நான் அவவின் சோபாவில்தான். இலங்கையை வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் மாமி அரசாங்க ஆஸ்பத்திரி நேர்ஸ். அப்போது பெண் கலியாணம் கட்டினால் வேலை போகும். அதோடு பென்சன் உரிமையும் போகும். மாமாவும் அரசாங்கக் கிளாக்கர்தான். அதே கலியாணம், அவருடைய பென்சனில் ஒரு கீறலும் விழவில்லை.

"அதுதான் ஒருத்தருக்கும் சொல்லாமல் கட்டினனாங்கள்," என்பா மாமி. தாலி சீருடைக்குள்ளே. மாமா பார்க்க வந்தால், ஊரிலிருந்து வந்த மச்சான்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலால் நேரே வார்டுக்குப் போனவ, வகிட்டுக் குங்குமத்தை அழிக்க மறந்துவிட்டா. தலைமை நேர்ஸ், வெள்ளைக்காரி, கண்டுவிட்டா. மாமியின் கதை அதோடு முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? "உமக்கு மண்டை உடைஞ்சிருக்கு!" என்று அந்த மனுசி மாமியைக் கதிரையில் இருத்தினாவாம். கூட வேலை செய்த பொன்னம்மா பெரிய பிளாஸ்டராக எடுத்து ஒட்டிக்கொண்டே காதுக்குள் சொன்னாவாம்: "சிரியாதை பிள்ளை, உன்ர பென்சன் இதுக்குக் கீழதான் கிடக்கு."

"பிறகு பென்சன் கிடைச்சதோ மாமி?"

"எங்க? மூத்தவன் வந்திட்டான். வயித்துக்குப் பிளாஸ்டர் ஒட்டேலாதே!"

சிரிப்பா.

டென்மார்க்கில் மாமிக்கு முதியோர் பென்சன் சிறிதாய் வரத் தொடங்கியபோது அப்பாவிடம் ஒன்றைத்தான் கேட்டா. "தம்பி, ஆற்ற பேரில வருது?"

"உங்கட பேரிலதான்."

அன்று எங்கள் மாடிப்படி முழுக்கக் கேசரி மணந்தது.

நான் இப்போது பென்சன் கணக்கிடும் மென்பொருளைச் சோதிப்பவள். எந்தப் புதுப் பதிப்பு வந்தாலும் என் பட்டியலில் முதல் வேலை இதுதான்: கணினிக்குள் ஒரு கற்பனைப் பெண்ணுக்குக் கலியாணம் செய்துவைப்பேன். அவள் சேர்த்த உரிமை அசையக்கூடாது. இதுவரை அசையவில்லை.

லீனே முதலுதவிப் பெட்டியோடு ஓடிவந்தாள்.

"காயமில்லை. கலியாணம் கட்டியிருக்கிறேன்," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

மேலாளர்தான் முதலில் கைதட்டினார். மாமி இப்போது உயிரோடு இல்லை, அந்த மேல்மாடியில் வேறு யாரோ. அந்தச் சட்டமும் போய்விட்டது. லீனே கையில் எடுத்த பிளாஸ்டரைப் பிரிக்காமலே பெட்டிக்குள் திரும்பப் போட்டுவிட்டு, கேக்கை வெட்டக் கத்தி தேடப் போனாள்.