வதனியின் பனையும் என் கோழிச் சிறகும்

காய்ந்த பனையோலைகள் காற்றில் ஒன்றோடொன்று உரசும் சரசரப்பும், அதற்கு மேலே ஊசியால் கீறினாற்போல வட்டமிடும் 'சீ... சீ...' என்ற சத்தமும் சேர்ந்து கேட்டால், எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது பொறாமைதான். மற்றவர்களுக்குக் கவிதை வருமாம்.

நீர்வேலி என்ற எங்கள் ஊரில், எங்கள் வளவுக்கும் மாமியின் வளவுக்கும் நடுவே ஒரு வேலி. இந்தப் பக்கம் எங்கள் பனை, அந்தப் பக்கம் அவர்களுடையது. இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம். ஆனால் மெலிந்த உடம்பும் அரிவாள் போல வளைந்த இறக்கையுமாகப் பறந்து திரிந்த அந்தச் சின்னக் குருவிகள் அத்தனையும் மாமியின் பனையில்தான் குடியிருந்தன. பெயர் தெரியாததால், காய்ந்து தொங்கும் காவோலைக்குள் போய் மறைகிற அவற்றுக்குக் 'காவோலைக் குருவி' என்று நாங்களே பெயர் வைத்திருந்தோம். மாமியின் மகள் வதனிக்கு என் வயதுதான். அவள் பின்னேரங்களில் கிணற்றுக்கட்டில் ஏறி நின்றுகொண்டு, "என்ரை குருவியள் வந்திட்டுது" என்று வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கத்தக்கதாகச் சொல்லுவாள்.

அந்த 'என்ரை' எனக்குச் செமிக்கவில்லை. சிரட்டையில் அரிசி போட்டு எங்கள் பனையடியில் வைத்தேன்; எறும்புக்குக் கொண்டாட்டம். தண்ணீர் வைத்தேன்; மாமி வீட்டு நாய் வந்து குடித்தது. நிலத்தில் இறங்காத, கிளையில்கூடக் குந்தத் தெரியாத, தின்பதையும் குடிப்பதையும் பறந்தபடியே முடிக்கிற ஒரு பறவைக்கு நான் பந்தி போட்டிருக்கிறேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

வதனியின் வித்தை வேறு. கோழிச் சிறகை உள்ளங்கையில் வைத்து மேலே ஊதிவிடுவாள். அது ஆடி ஆடிப் போகையில் ஒரு குருவி சரிந்து வந்து, அந்தரத்திலேயே கவ்விக்கொண்டு காவோலைக்குள் போய்விடும். ஒருநாள் நானும் எங்கள் செங்கோழியின் சிறகொன்றைப் பொறுக்கி, கன்னம் நோக ஊதினேன். ஒரு குருவி வந்தது. கவ்வியது. எங்கள் பனையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நேரே வதனியின் பனைக்குப் போனது. கோழி என்னுடையது, மூச்சு என்னுடையது, வீடு மட்டும் அவளுடையது. அன்றிரவு நான் சோறு குறைவாகச் சாப்பிட்டதாக அம்மா கவலைப்பட்டார்.

மாரிக்கு முன்பு எங்கள் வீட்டில், பழைய வேலியைப் புதுப் பனையோலையால் மாற்றிக் கட்டும் 'வேலி அடைப்பு' நடக்கும். அதற்கு ஓலை வெட்ட வருசாவருசம் செல்லையா அண்ணை வருவார். அந்த வருசம் அவர் எங்கள் பனையை முடித்து இறங்கியபோது மாமியும் வதனியும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். என் வாய் தானாகத் திறந்தது. தங்கள் பனையின் காவோலையையும் விழுத்திவிடும்படி மாமி சொன்னதாக அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு ஏறினார்.

மூன்றாவது ஓலை விழுந்தபோது மேலே குருவிகள் கத்தத் தொடங்கின. போய்ப் புரட்டிப் பார்த்தேன். ஓலை மடிப்பில், எச்சிலால் ஒட்டிய பஞ்சும் சிறகுமாக, பிள்ளையின் உள்ளங்கையளவுகூட இல்லாத ஒரு கூடு. அதில் கண் திறக்காத இரண்டு குஞ்சுகள், அத்தனை உயரத்திலிருந்து விழுந்தும் நகத்தால் ஓலையைப் பற்றியபடி கிடந்தன. பக்கத்தில் ஒரு வெள்ளை முட்டை, அதுவும் ஒட்டியபடி. அவற்றின் கீழே மெத்தையாகக் கிடந்தது எங்கள் செங்கோழியின் சிறகு.

செல்லையா அண்ணை இறங்கி வந்து கூட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, உண்மையிலை மாமி சொன்னவவோ?"

என் முகமே பதில் சொல்லியிருக்க வேண்டும். அவர் ஏசவில்லை. "உங்கடை பனையை நான் வருசாவருசம் மொட்டையடிக்கிறன். பிறகு உதுகள் எங்கை கூடு கட்டுறது?" என்றார். இத்தனை நாளும் குருவிக்கும் எனக்கும் ஏதோ பகை என்று நினைத்திருந்தேன். பகை எங்கள் வேலியில் இருந்திருக்கிறது.

வெட்கக்கேட்டைச் சொல்லத்தான் வேண்டும். அந்த நேரத்திலும் நான் கேட்டது, "அண்ணை, உந்த ஓலையை எங்கடை பனையிலை கட்டலாமே?"

"பெத்ததுகள் பழைய இடத்திலைதான் வந்து தேடும்" என்று சொல்லிவிட்டுக் கயிறு கேட்டார். எங்கள் ஆட்டை அவிழ்த்துவிட்டு அந்தக் கயிற்றைக் கொடுத்தேன். அவர் ஓலையை முதுகில் கட்டி, குஞ்சு நசியாமல் மெல்ல மெல்ல ஏறி, இருந்த இடத்திலேயே தொங்கவிட்டுக் கட்டினார். அதற்குள் வதனி திருநீறும் சந்தனமுமாக வந்துவிட்டாள். நடந்ததை நானே சொன்னேன். அடிப்பாள் என்று கையை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு சொன்னேன்.

அவள் அடிக்கவில்லை. மேலேயே பார்த்துக்கொண்டு நின்றாள். குருவிகள் பனையைச் சுற்றின, கிட்டே வந்தன, விலகின. தாய் வராவிட்டால் குஞ்சுகளைக் கொன்றவன் நான்தான். தோட்டத்திலிருந்து, அவிழ்த்துவிட்ட ஆட்டின் சத்தமும் அதை விரட்டும் அப்பாவின் குரலும் கேட்டன; நான் அசையவில்லை. கடைசியில், வெயில் தணிகிற நேரம், ஒரு குருவி அந்த ஓலைக்குள் நுழைந்தது. உள்ளேயிருந்து மெல்லிய கீச்சுச் சத்தம் வந்தது.

"உன்ரை சிறகிலைதான் படுத்திருக்குதுகள். போய் ஆட்டைப் பிடி" என்றாள் வதனி.

இப்போது வதனி கனடாவில். மாமியின் பனையும் இல்லை, வேலியும் இல்லை, மதில் வந்துவிட்டது. மதிலுக்கு ஓலை தேவையில்லாததால் எங்கள் பனையில் கத்தி பட்டு எத்தனையோ வருசம். தாடி வளர்த்த சாமியார் போல அது காவோலையோடு நிற்கிறது. இரண்டு வருசத்துக்கு முன்பு அதற்குள் குருவிகள் வந்தன. புத்தகத்தில் அவற்றுக்குப் 'பனை உழவாரன்' என்று பெயராம். வீடியோ எடுத்து, "என்ரை குருவியள்" என்று எழுதி வதனிக்கு அனுப்பினேன். நாற்பது வருசம் காத்திருந்து எழுதிய வசனம்.

அவளிடமிருந்து குரல்பதிவு வந்தது: "சிறகு ஊதிவிட்டனியோ?"

இப்போது வீட்டில் கோழியில்லை. இலவம்பஞ்சுத் தலையணையின் தையலைப் பிரித்தேன்; மனைவி சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. முற்றத்தில் நின்று ஊதினேன். மூன்றாம் தரம் ஒரு குருவி சரிந்து வந்து கவ்வியது. கவ்விக்கொண்டு மதிலுக்கு மேலாக, வதனியின் பனை நின்ற வெறும் இடத்துக்குப் போய், அங்கே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் என் பனைக்குள் நுழைந்தது.

வதனிக்கு நான், குருவி என் பனைக்குள் நுழைந்த கடைசிப் பகுதியை மட்டுந்தான் சொன்னேன்.