சொந்த ஊர் அட்டன்

நான் பிறந்தது குன்னூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில். ஆனாலும் ஒன்பது வயதுவரை சொந்த ஊர் அட்டன் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். கடல் தாண்டி, இலங்கையில் இருக்கிற அட்டன். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது, அந்த நாட்டுக் குடிமக்கள் இல்லையென்று கப்பலேற்றி இங்கே அனுப்பப்பட்டவர்கள். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தால் அந்த ஊர்ப் பேச்சுதான். ரயில் வளைந்து வரும் மேடு, அருவிச் சத்தம், கோவில் தேர். பனி இறங்கினால் எங்கள் எதிர்மலை மறைந்துவிடும். அதற்குப் பின்னால்தான் அட்டன் இருக்கிறது, பனி விலகுவதற்குள் ஓடினால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைப்பேன்.

அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, லயத்துக்கே தலைவி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, கொழுந்துக்கூடையை இறக்கிய கையோடு மனு எழுத உட்காருகிறவர் அவர் ஒருவர்தான். ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் அவர் நடையாய் நடந்து வாங்கியவை. எனக்கு ஒன்பது வயதான வருஷம் சாதிச் சான்றிதழ். என் அக்காவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. சான்றிதழ் இல்லையென்றால் போய்விடும். சிலோன்காரர்களுக்குக் கொடுக்க முடியாது என்று ஆபீஸில் கைவிரித்தார்கள். பூர்வீகம் இந்த நாடுதான் என்று காட்ட வேண்டும். அதனால் யார் கேட்டாலும் துறையூர் என்று சொல்லும்படி அத்தை லயம் முழுவதையும் பழக்கினார். கொள்ளுத்தாத்தாக்கள் இலங்கைக்குப் புறப்பட்ட ஊர் அது, பொய்யில்லை. என்ன, எங்களில் ஒருவரும் துறையூர் பஸ்ஸைக்கூடப் பார்த்ததில்லை.

விசாரிக்க வந்த அதிகாரி கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர். எல்லோரும் துறையூர், துறையூர் என்று ஒரே மூச்சில் ஒப்பித்ததும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வாசலில் நின்ற என்னைக் கூப்பிட்டார்.

“ஏங்கண்ணு, உங்க சொந்த ஊரு எது?”

“அட்டன்” என்றேன். கேட்காமலே அருவியையும் சேர்த்துச் சொன்னேன்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி பேனாவை மூடினார். அத்தை மட்டும் அசையவில்லை.

“பிள்ள பொய் சொல்லலீங்க ஐயா. அவளுக்குத் தெரிஞ்ச ஊரு அதுதான்.”

மறுநாள் பெண்கள் ஒருவரும் கொழுந்து பறிக்க மலையேறவில்லை. அத்தையின் பின்னால் தாலுகா ஆபீஸ் வாசலுக்குப் போய் உட்கார்ந்தார்கள். சான்றிதழ் வர மாதங்கள் ஆயின. அந்த வருஷத்து இடம் போய், அக்கா அடுத்த வருஷம்தான் சேர்ந்தாள். அதுவரை அவள் என்னோடு பேசவில்லை. இன்று லயத்தில் அந்தக் காகிதம் இல்லாத வீடு இல்லை.

ஆனால் எனக்கு மறக்காதது அதிகாரி போன அன்று சாயங்காலம்தான். அடி விழும் என்று விறகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வெளியே நல்ல பனி.

“அட்டன் எப்பிடி இருக்கும்னு சொல்லு, கேப்போம்.”

நான் பார்த்தறியாத ஊரை, இருபது வருஷம் அங்கே வாழ்ந்தவருக்கு விலாவாரியாகச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நிறுத்தினேன்.

“ம், அப்புறம்?” என்றார்.

எத்தனையோ அதிகாரிகள் அத்தையிடம் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஒருவரிடமும் அவர் அட்டன் என்று சொன்னதில்லை. அது எனக்கு அப்போது தெரியாது. பாடம் ஒப்பிக்கிற பெருமையோடு, அருவியை விட்டு ரயிலுக்குப் போனேன்.