லேசருக்கு வைத்த பொட்டு

நேற்று நீங்கள் இருவரும் பள்ளி லேபில் லேசரில் வெட்டிய பிளைவுட் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து நீட்டினீர்கள். முகர்ந்து பார்த்தேன். கருகிய மரவாசம். எனக்கு மட்டும் அதில் கொஞ்சம் சந்தனமும் அடித்தது. காரணம் சொல்கிறேன். அம்மாவிடம் போய்ச் சரிபார்க்க வேண்டாம். அவள் இன்னும் மோசமாகச் சொல்வாள்.

அப்போது செங்கம் ரோட்டில் ஒரு பெயர்ப்பலகைக் கடையில் எனக்கு வேலை. உளி பிடித்துக் கட்டைவிரல் நகம் இரண்டு முறை விழுந்து முளைத்த பிறகு, கடைக்கு லேசர் மெஷின் வந்தது. எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். மவுசையும் உளி மாதிரியே பிடித்து இரண்டை உடைத்தேன். எழுத்து வெட்டப் பழகியதுதான் தாமதம், தரகர் என்னைக் 'கம்ப்யூட்டர் இஞ்சினியர்' ஆக்கி, கீழ்பென்னாத்தூரில் பெண் பேசிவிட்டார்.

ஆயுத பூஜை வந்தது. உளி, ரம்பம், சுத்தியல் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். புது மெஷினுக்கு எங்கே வைப்பது? மூடியைத் திறந்தேன். லேசர் பட்டுத் திரும்புகிற சின்ன வட்டக் கண்ணாடி, எண்ணெய் தேய்த்த நெற்றி மாதிரி பளபளத்தது. தாராளமாக வைத்தேன். பூஜையன்று கருவியைத் தொடக்கூடாது என்பதால் ஓட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, கோயிலுக்கு வந்த சாக்கில் பெண்ணும் அவள் தாய்மாமாவும் கடைக்கே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை நிஜமாகவே மெஷின் ஓட்டுகிறாரா என்று பார்க்கத்தான்.

"எங்க பொண்ணு பேர வெட்டிக் காட்டுங்க தம்பி" என்றார் மாமா.

'செல்வி' என்று அடித்துப் பட்டனை அழுத்தினேன். மெஷின் ஓடியது. பலகையில் ஒரு கீறல் விழவில்லை. புகை மட்டும் வந்தது.

மாமா முகர்ந்தார். "ஊதுவத்தி மெஷினா இது?"

"வோல்டேஜ் கம்மிங்க."

"தரகர்தான் ஜாஸ்தியா சொல்லிட்டாரு. கெளம்பலாம்மா."

அவள் கிளம்பவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். குனிந்து உள்ளே பார்த்தாள்.

"வோல்டேஜ்லாம் சரியாத்தான் இருக்குது. கண்ணாடிக்குப் பொட்டு வெச்சது யாரு?"

முதலாளி தலையில் போடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். "நான்தாங்க."

"ஆஃப் பண்ணுங்க." கைப்பையிலிருந்து ஒரு துண்டு மெல்லிய துணி எடுத்தாள். ஊதி ஊதித் துடைத்தாள். மறுபடி பட்டனை அழுத்தினேன். அவள் பெயர் சுத்தமாக வெட்டுப்பட்டு விழுந்தது.

"மெஷின யாரு ஓட்டப்போறாங்கன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார் மாமா. தை மாதம் கல்யாணம். ஏன் சரி என்றாய் என்று பிறகு கேட்டேன். "பொய் உங்களுக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல தாங்கலியே" என்றாள்.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் காபி விற்கிறார்கள். மெஷின் எங்கே போனதோ தெரியாது. மாமாவும் போய்விட்டார். இருந்தவரை, நம் வீட்டுக்கு வந்ததும் முதலில் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "மாப்ள ஏதாவது பொட்டு வெச்சிருந்தா?" என்பார். இப்போது எனக்கும் கண்ணாடி வந்துவிட்டது. கிண்டல் பண்ண ஆளில்லாமல் நானே துடைத்துக்கொள்கிறேன்.