போஸ்ட்கார்டில் வந்த ரகசியச் சொல்

லண்டனுக்கு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. தினமும் காலையில் ஆபீசுக்குள் நுழைந்ததும், நான் நான்தான் என்று ஒரு இயந்திரத்திடம் மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டர் என்பது கீழ்த்தளத்தில் பெரிய அறை ஒன்றை அடைத்துக்கொண்டு குளுகுளுவென்று இருக்கிறது. எங்கள் மேசையில் அதனோடு பேசுவதற்கு டைப்ரைட்டர் மாதிரி ஒன்று, டெர்மினல் என்பார்கள். அதில் பெயரைத் தட்டினால் போதாது. பாஸ்வேர்ட் என்று ஒரு ரகசியச் சொல்லும் தட்ட வேண்டும். அந்தச் சொல் மட்டும் தாளில் அச்சாகாது. நான் தட்டும்போது பக்கத்து மேசைக்காரர் மரியாதையாக முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். நான் என்னவோ அங்கே வேட்டி மாற்றுகிற மாதிரி!

இந்த வழக்கம் இவர்களுக்கே புதிது. முன்பெல்லாம் கம்ப்யூட்டர் அறையைப் பூட்டிவிட்டால் கவலை விட்டது. இப்போது டெலிபோன் கம்பி வழியாக வேறு ஊரில் இருப்பவனும் உள்ளே வரலாமாம். அதனால் செக்யூரிட்டிக்கென்றே ஹார்ப்பர் என்பவரை நியமித்திருந்தார்கள். சிரித்தால் அதற்கும் அனுமதி வாங்க வேண்டும் என்று நினைக்கிற முகம். "ஆளுக்கொரு சொல் வைத்துக்கொள்ளுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்" என்றார். நான் என் கடைசித் தங்கை அமுதாவின் பெயரை வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்கு மட்டும் அன்றைக்கே கடிதம் எழுதினேன். அம்மா யாரோவா என்ன?

மரக்காணத்தில் எங்கள் உப்பளத்துக்குக் கடிதம் வருவது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அம்மா காலையிலிருந்து பாத்தியில் நின்று உப்பு வாருகிறவள். படிக்கத் தெரியாது. மத்தியானம் எல்லோரும் கொட்டகையில் சாப்பிட உட்காரும்போது உப்பளத்தில் கணக்கெழுதும் ரைட்டர் துரைசாமி கடிதத்தைப் பிரித்து உரக்க வாசிப்பார். யாருக்கு வந்த கடிதமானாலும் எல்லோருக்கும் வந்ததுதான். பெருமுக்கல்லிலிருந்து ஒரு மாமியார் மருமகளைத் திட்டி எழுதியதைக்கூட மருமகளை உட்காரவைத்து வாசித்திருக்கிறார். அந்தப் பெண்ணும் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு கேட்டாள். யாராவது மெதுவாக வாசிக்கச் சொன்னால்தான் சந்தேகம் வரும்.

என் கடிதமும் அப்படியே வாசிக்கப்பட்டது. பதில், போஸ்ட்கார்டில் வந்தது. நான் அடிக்கடி ஜாகை மாற்றுகிறவன் என்பதால் ஆபீஸ் விலாசம் கொடுத்திருந்தேன். ரைட்டர் காதில் விழுந்ததையெல்லாம் எழுதுகிறவர். "கவர் வாங்கலாமான்னு கேட்டேன். 'மூடி ஒட்டுறதுக்கு நாம என்ன திருடிட்டா வந்தோம்? கார்டே போதும்பா'ன்னு உங்கம்மா சொல்லிட்டாங்க" என்று ஆரம்பித்திருந்தார். அடுத்தது என் அக்கா கஸ்தூரியின் குமுறல்: "தூக்கி வளத்தவ நான். அவ பேரு மட்டும் கம்ப்யூட்டருக்கா? வரட்டும், பேசிக்கிறேன்." இதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பேன். வெளிநாட்டு ஆபீசுக்குப் போகிற கார்டாயிற்றே என்று ரைட்டர் அடியில் ஆங்கிலத்தில், கொட்டை எழுத்தில், அமுதா என்பதுதான் உங்கள் கம்ப்யூட்டரின் ரகசியச் சொல் என்றறிந்து நாங்கள் அனைவரும் பெருமிதம் கொள்கிறோம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

இங்கே விடுமுறைக்குப் போகிறவர்கள் ஆபீசுக்கு அனுப்பும் கார்டுகளை டீ குடிக்கிற அறையின் பலகையில் குத்திவைப்பது வழக்கம். தபால் பிரிக்கிற அம்மையார் என் கார்டையும் அதில் குத்திவிட்டார். இரண்டு நாள் தொங்கியிருக்கிறது. மூன்றாம் நாள் ஹார்ப்பர் டீ குடிக்கப் போனார்.

எனக்கு வேலையில் சோதனைக் காலம் முடியவில்லை. வேலை போனால் நாட்டைவிட்டே கிளம்ப வேண்டியதுதான். கார்டைக் கையில் வைத்திருந்த ஹார்ப்பர் எதிரில் உட்கார்ந்தேன்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"அம்மாவுக்கு மட்டும்தான், சார்."

"இதில் ஓர் ஆண் கையெழுத்து இருக்கிறதே?"

"அவர் வாசிக்கிறவர். வாசித்தால்தானே அம்மாவுக்குத் தெரியும்?"

"ஆக, இரண்டு பேர்."

பொய் சொல்ல வரவில்லை. "கொட்டகையில் பன்னிரண்டு பேர் இருந்திருப்பார்கள். தண்ணீர் குடிக்க வந்த லாரி டிரைவரும் கேட்டிருக்கலாம். கிளியனூர்க்காரர்."

ஹார்ப்பர் கிளியனூரை எழுத்துக் கூட்டச் சொல்லி எழுதிக்கொண்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்கள் ஊரில் யாருக்கும் டெர்மினல் கிடையாது, சார். டெர்மினல் உள்ளவர்கள் எல்லோரும் உங்கள் டீ அறையில்தான் வாசித்தார்கள்" என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். கடைசியில், என் கோப்பில் ஓர் எச்சரிக்கை, டீ அறைப் பலகைக்குத் தடை. அந்த அம்மையார் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"புதுச் சொல் வை. உன்னைத் தெரிந்த எவரும் நினைத்தே பார்க்க முடியாத சொல்லாக இருக்கட்டும்" என்றார் ஹார்ப்பர். வெளியே சொன்னால் வேலை போகச் சம்மதம் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். யோசித்தேன். எனக்குப் பிடித்த மீன், சாமி, நான் விழுந்த வாய்க்கால், எதைச் சொன்னாலும் கொட்டகையில் ஒருவராவது கண்டுபிடித்துவிடுவார். ஒருவழியாக ஒரு சொல் அகப்பட்டது. அதை வைத்தேன்.

அம்மாவுக்கு, சொல்லை மாற்றிவிட்டேன், இனி சொல்ல முடியாது என்று எழுதினேன். அதற்கும் பதில் வந்தது. அக்காவுக்கு ஒரே சந்தோஷமாம். இந்தத் தடவை தன் பேர்தான் என்கிறாளாம். ரைட்டரும் தன் பேராக இருக்கலாம் என்று ஜாடையாகச் சொல்லிக்கொள்கிறாராம். அம்மா மட்டும் ஒன்று கேட்டிருந்தாள்: "என்ன வார்த்தைன்னு சொல்ல வேணாம்பா. அது தமிழா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

அதையும் சொல்லக்கூடாது என்பதுதான் சட்டம். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. "தமிழ்தாம்மா" என்று எழுதி, கவரில் போட்டு ஒட்டி அனுப்பினேன். கொட்டகையில் அதைக் கேட்டு எல்லோரும் சிரித்து மகிழ்ந்தார்கள் என்று தகவல் வந்தது.

ரைட்டரே, இது அச்சாகிற பத்திரிகையும் உங்கள் கைக்கு வரும், மத்தியானம் உரக்க வாசிப்பீர்கள். தாராளமாக வாசியுங்கள். அடுத்த வரியை மட்டும் மனசுக்குள் வாசித்துவிட்டு மடித்துவிடுங்கள். அந்தச் சொல் தமிழ் இல்லை.